நாலாவது பாட்டில் வந்த மௌனம்

ஒற்றைக் காதனை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன். வாயில் நுரை இருந்தது. முடிவில் கலப்படமே இல்லை.

யார் இந்த ஒற்றைக் காதன் என்று கேட்பீர்கள். எனக்கே தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். முகம் தெரிந்த எதிரி என்றால் தொப்பை இருக்கிறதா, வழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்த்தாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவனிடம் இருந்ததெல்லாம் ஒரு புனைபெயரும், எல்லாப் பாட்டைப் பற்றியும் ஆளுக்கு முந்தி ஒரு அபிப்பிராயமும்தான்.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே சரளமாகப் படிக்கிறவள். என்னை எல்லாம் அச்செழுத்து மாதிரி படித்துவிடுவாள். பகலெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே காதில் ஹெட்போனை மாட்டிவிடுவாள். மின்மினி என்று ஒரு பாப் பாடகி. அந்தப் பெண்ணின் ரசிகர்களுக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு ஆல்பம் வந்துவிட்டால் போதும், அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள். எந்தப் பாட்டு ஒசத்தி, எது சப்பை, போன ஆல்பத்தில் அழவைத்தவள் இந்த ஆல்பத்தில் ஏன் ஆடவைக்கிறாள் என்று நாள்கணக்கில் வாதம் நடக்கும். என் மனைவி அங்கே 'மாத்திரை' என்ற பெயரில் எழுதுகிறாள். அவள் எழுதிய பத்தாவது நிமிஷம் 'ஒற்றைக் காது' என்ற பெயரில் ஒரு பதில் வந்துவிடும். காது என்பதைக் காதன் என்று திருத்தியது என் கைங்கரியம். ஆத்திரத்துக்கு அது தேவைப்பட்டது.

அந்தப் பதிலைப் படித்துவிட்டு என் மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எனக்கு வந்துகொண்டிருந்த சிரிப்பு அது. இப்போது விலாசம் மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

தப்பு என் பேரில்தான், ஒத்துக்கொள்கிறேன். மின்மினியின் முதல் ஆல்பம் வந்தபோது அவள் ஆசை ஆசையாக எனக்குப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்பவன் போல இருந்துவிட்டு, லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டாலும் இதே சத்தம்தான் வரும் என்று சொன்னேன். நான் லிஃப்ட் மெக்கானிக். அதற்குப் பிறகு அவள் எனக்குப் பாட்டே போடவில்லை. ஊரில் மின்மினியின் கான்சர்ட் என்று தெரிந்ததும் இரண்டு டிக்கெட் வாங்கினாள். என்னைக் கூப்பிட்டாள். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று மிடுக்காகச் சொல்லிவிட்டேன். சரி, ரசனை உள்ளவங்க யாராவது கிடைக்காமலா போவாங்க என்று டிக்கெட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள்தான், ஒற்றைக் காது பக்கத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குக் கேட்கும்படி தனக்குத்தானே.

செவ்வாய்க்கிழமை முடிவெடுத்த கையோடு என் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கத்துக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு எதற்கும் பதற்றம் வராது. விஷயத்தைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டாள். நேருக்கு நேர் மோதாதே, நீயும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே போய் அவனைவிட நன்றாக எழுது என்று வழி சொன்னாள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கண் கலங்கினேன்.

'மேல்மாடி' என்று பெயர் வைத்துக்கொண்டேன். புது ஆல்பத்தின் பெயர் 'ஈரத் துண்டு'. பத்துப் பாட்டு. வீட்டில் கேட்டால் மானம் போகும். ஆகவே வேலை செய்யும் இடத்தில் கேட்டேன். பதினாலு மாடி ஆபீஸ் கட்டடம், பல வருஷமாக நான்தான் அதன் லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறேன். கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டிவிட்டு, உள்ளே ஏறி நின்றுகொண்டு, காதில் இயர்போனுடன் மேலும் கீழுமாகப் போய்வந்தேன். பார்த்தவர்கள் என் கடமை உணர்ச்சியை மெச்சினார்கள்.

முதல் மூன்று பாட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. நாலாவது பாட்டில்தான் அது நடந்தது. மின்மினி உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று மௌனம். வாத்தியம் இல்லை, குரல் இல்லை, மூச்சுகூட இல்லை. லிஃப்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து, ஒரு வார்த்தையின் நட்டநடுவில் அவள் குரல் வந்து விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பெண்ணையா கதவுச் சத்தம் என்றேன்?

மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினேன். 'நாலாவது பாட்டின் நடுவில் வரும் அந்த நீண்ட மௌனத்தில்தான் ஆல்பத்தின் உயிரே இருக்கிறது. அதைக் கேட்காதவர்கள் இந்த ஆல்பத்தையே கேட்கவில்லை' என்று அடித்துவிட்டேன்.

பக்கம் பற்றிக்கொண்டது. எந்த மௌனம் என்று முதலில் நாலு பேர் கேட்டார்கள். பிறகு ஒருவர், முதல் தடவை பிடிபடாது, மூன்றாம் தடவையில்தான் எனக்கு அது கேட்டது என்று எழுதினார். இன்னொருவர், நல்ல ஸ்பீக்கர் இல்லாதவர்கள் பேசாமல் இருப்பது மேல் என்றார். புதன்கிழமைக்குள் முப்பது பேருக்கு அந்த மௌனம் தெளிவாகக் கேட்டுவிட்டது. ஒற்றைக் காது மட்டும், 'மேல்மாடிக்கு மேல்மாடி காலி' என்று ஒரே வரி எழுதியிருந்தான். அவனை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஒரு உண்மை உறைத்தது. அதே மௌனம் ஐந்தாம் பாட்டிலும் வந்தது. ஒன்பதாம் பாட்டிலும் வந்தது. சரியாக ஆறாவது மாடியைத் தாண்டும்போது வந்து, பதினொன்றாவது மாடியில் போயிற்று. லிஃப்ட் ஆறாவது மாடியைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு கேட்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது பேர் கேட்டுவிட்ட மௌனத்தை நான் ஒருவன் எப்படித் திரும்ப வாங்குவது? விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய கஷ்டம் வீட்டில் காத்திருந்தது. என் மனைவி மேல்மாடியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. இருபது தடவை கேட்டும் என் காதுக்கு எட்டாத மௌனம் இந்த மனுஷருக்கு எப்படித்தான் எட்டியதோ, என்ன ஒரு நுட்பம் என்று மூன்று பத்தி எழுதினாள். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வாய் டீ குடித்தேன். இரண்டாவது வாயில் புரை ஏறியது. என் மனைவி யாரோ ஒரு ஆம்பிளையின் எழுத்தைப் படித்துச் சிரிக்கிறாள். அந்த ஆம்பிளை நான்தான் என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. நான் பேசினால் அவளிடமிருந்து வருவது ஒரு 'ம்'. அவன் எழுதினால் மூன்று பத்தி. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். தன் மேலேயே பொறாமைப்பட்டு நகம் கடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் இன்னொரு விபரீதம். எனக்கு ஆல்பம் பிடித்துத் தொலைத்துவிட்டது. ஏழாவது பாட்டில், வேலை முடிந்து வருகிறவனின் காலடிச் சத்தத்தை வைத்தே அவனுக்கு அன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று ஒருத்தி சொல்லிவிடுவாள். லிஃப்டை மூன்றாவது மாடியிலேயே நிறுத்திவிட்டு, முழுசாக நாலு தடவை கேட்டேன். அந்தப் பாட்டை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் போல இருந்தது. வேறு எதுவும் வேண்டாம் என்றுகூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மேல்மாடிக்கு மாத்திரையிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'நாளைக்கு கான்சர்ட். என்னிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது. வர முடியுமா?'

நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே நெஞ்சு எரிந்தது. முன்பின் தெரியாத ஒருவனை என் மனைவி கான்சர்ட்டுக்குக் கூப்பிடுகிறாள்! சரி, இதற்கு மேல் தாங்காது, மானம் போனால் போகட்டும், அது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்து வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாளைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன். மேல்மாடின்னு பேரு."

"ஆம்பிளையா?"

"எழுத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. நல்ல உயரமா இருப்பாருன்னு தோணுது."

"உயரத்தைப் பத்தி எங்க எழுதியிருக்கான்?"

"எழுதினாத்தானா? சில பேர் எழுத்துலயே உயரம் தெரியும். குரலும் கம்பீரமா இருக்கும்."

அது நான்தான் என்ற வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டேன். நான் அவள் தோளுக்கு மேல் நாலு விரல் உயரம். இப்போது சொன்னால், அந்த நெட்டை மனுஷனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற கண் அப்படியே இறங்கி என்னிடம் வந்து நிற்கும். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. அந்த நெட்டையனோடு போட்டிபோடவும் முடியாது.

"முன்னப் பின்னத் தெரியாதவனோட போறது எனக்குப் பிடிக்கலை" என்றேன்.

"அவரை அப்படிச் சொல்லாதீங்க. ரசனை உள்ளவர்."

"என்ன பெரிய ரசனை? நாலாவது பாட்டுல மௌனமாம். செவிடனா இருப்பான். இல்லைன்னா புளுகனா இருப்பான்."

"அதெல்லாம் நீங்க எங்க படிச்சீங்க?"

"வேலை செய்ற இடத்துல பேசிக்கிட்டாங்க."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். என் சட்டைதான். பிறகு ரொம்பச் சாதுவாக, உங்களுக்குப் பிடிக்காத காரியத்தை நான் செய்வேனா, வர வேண்டாம் என்று நீங்களே உங்கள் கையால் எழுதிவிடுங்கள் என்று தன் போனை நீட்டினாள். எனக்கு வெற்றிக் களிப்பு. எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? 'மன்னிக்கவும், வர வேண்டாம்' என்று அழுத்தம் திருத்தமாக அடித்து அனுப்பினேன்.

என் சட்டைப்பையில் 'டிங்' என்றது.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடுத்துப் பாருங்க. அவசரமா ஏதாவது இருக்கப் போகுது."

எடுத்துப் பார்த்தேன். வர வேண்டாம் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, டிக்கெட் வீணாகப் போகிறதே, வேண்டுமானால் நான் வருகிறேன் என்று பெருந்தன்மையாக இழுத்தேன். அவள் பதறிப்போனாள். உங்களுக்குத்தான் வேறு வேலை இருக்கிறதே, உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் ஒற்றைக் காதையே கேட்டுவிட்டேன், உடனே சம்மதம் சொல்லியாகிவிட்டது என்றாள். அன்று என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. ஒற்றைக் காதனை வாசலிலேயே வைத்து ஒரு கை பார்ப்பது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மின்மினி படம் போட்ட சட்டை போட்டிருந்தாள்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்த. அந்த ஒற்றைக் காதன் இப்போ வரப்போறான்."

"காதன் இல்லடா, காது. இருபது வருஷமா ஜன்னல் பக்கம் லாரி ஹாரனைக் கேட்டுக் கேட்டு ஒரு காது மந்தமாயிடுச்சு, பாவி. மேல்மாடியில எல்லாரும் சௌக்கியமா?"

மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். எனக்கு வழி சொல்லிக்கொடுத்ததே இவள்தானே! என் மனைவி உள்ளேயிருந்து, அண்ணி, ஒரு நிமிஷம், வந்துட்டேன் என்று தலை வாரிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்தவரை இரண்டு பேரும் ஒருவரோடொருவர் அளந்துதான் பேசுவார்கள். பாட்டைப் பற்றி அளக்காமல் பேசுகிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எப்பத்துலேர்ந்து உனக்குத் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மௌனம்னு எழுதின அன்னைக்கே. எத்தனை வருஷமா உங்களோட போன்ல பேசுறேன்? அந்தக் கட்டடத்துல ஆறாவது மாடியில போயிட்டு பதினொண்ணுல திரும்பி வருவீங்க. உங்க மௌனம் எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. அப்படியென்றால் அந்த மூன்று பத்தியும் எனக்குத்தான். அந்தச் சிரிப்பும் எனக்குத்தான். உயரம் உள்பட எல்லாம் எனக்குத்தான். ஏழாவது பாட்டை உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கணும் என்று, வெட்கத்தை விட்டு, அக்காவின் எதிரிலேயே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

அவள் இரண்டு டிக்கெட்டையும் கைப்பையில் வைத்து மூடினாள். என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"எனக்கும் ஆசைதாங்க. நேத்து கூப்பிட்டேனே. என் வீட்டுக்காரர்தான் கூடாதுன்னுட்டார்."