காதுக் கிளிப்பும் பத்துப் படமும்

மாடிப்படி முழுக்க மறதிக்காரர்கள். பாதிப் பேருக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிட்டது. மீதிப் பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். தங்களுக்குப் புத்தி என்று ஒன்று இருந்ததையே மறந்தவர்கள். வரிசை மூன்று மாடி இறங்கி, அடுத்த தெருப் பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கியிருந்தது. பேருந்துக்கு நின்ற இரண்டு பேர், தள்ளுமுள்ளில் மேலே வந்து கிளிப்பும் மாட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி.

மேலே வீற்றிருந்தவர் ‘நரம்பு வேந்தர்’. போன வருடம் வரை உயரம் வளர்க்கும் செருப்பு விற்றவர். காலிலிருந்து காதுக்குப் பதவி உயர்வு. அவரிடம் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் நீல விளக்கு, பழைய ஃபிரிட்ஜ் மாதிரி ஓர் உறுமல். பெட்டியிலிருந்து இரண்டு வயர், நுனியில் துணி காயப்போடும் கிளிப்புக்குத் தம்பி மாதிரி இரண்டு கிளிப். அதைக் காதில் மாட்டி இருபது நிமிடம் மின்சாரம் விட்டால், தூங்கிக் கிடக்கிற மூளை துள்ளி எழுந்து உட்காருமாம்.

சும்மா சொல்லவில்லை, சோதித்தே காட்டுவார். வாராவாரம் அதே பத்துப் படம். குடை, வாளி, பூட்டு, யானை என்று ஒவ்வொன்றாகக் காட்டி மூடுவார். திரும்பச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு வரும். மூன்றாம் வாரம் ஆறு. ஆறாம் வாரம் பத்துக்குப் பத்து! உடனே ஒரு சான்றிதழ்: ‘இனி மாத்திரை வேண்டாம், துணை வேண்டாம்.’

முதல் நாற்காலியில் ஓய்வுபெற்ற கண்டக்டர், பக்கத்தில் அவர் மனைவி. நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவள். இப்போது ஊசியைக் கையில் கொடுத்தால், “இது என்னங்க?” என்கிறாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: “முழுசா சரியாகாது. மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். தனியா மட்டும் விட்டுடாதீங்க.” கண்டக்டருக்கு அந்தப் பேச்சு கசந்தது. வேந்தரின் பேச்சு இனித்தது. சான்றிதழ் கைக்கு வரும் முன்பே மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

அதோடு விட்டாரா? ஆயுள் முழுக்க நிறுத்தங்களின் பெயரை வரிசையாகக் கூவியே வாழ்ந்த மனிதர். பத்துப் படத்தையும் அதே ராகத்தில் மனைவிக்கு ஏற்றிவிட்டார். பல் துலக்கும்போது குடை, வாளி. படுக்கப் போகும்போது பூட்டு, யானை. அதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று மனதார நம்பினார், பாவம்.

கூடவே வந்திருந்தாள் மச்சினிச்சி. முப்பது வருடம் வீடு வீடாக ஏறி மீட்டர் ரீடிங் எடுத்தவள். எந்தப் பெட்டியையும் பேச்சுக்காக நம்பாதவள்.

“அத்தான், நேத்து அக்கா தெருமுனையில நின்னு, ‘என் வீடு எது’ன்னு காய்கறிக்காரர்கிட்ட கேட்டிருக்கா. தெரியுமா?”

“அது நேத்து. இன்னைக்குப் பத்து எடுப்பா பாரு. அப்புறம் யாரும் துணைக்கு இருக்க வேண்டாம். நீயும் உன் வீட்டைப் பார்த்துப் போகலாம்.”

“என்னைத் துரத்துற அழகைப் பாரு!”

கிளிப் ஏறியது. பெட்டி உறுமியது. படங்கள் வந்தன, போயின. மனைவி கடகடவென்று ஒப்பித்தாள். பத்து! கைதட்டலில் காரை உதிர்ந்தது. ஒரு பெரியவர் எழுந்து ஆடினார், நிறுத்த மறந்துவிட்டார்.

மச்சினிச்சி கைப்பையைத் திறந்து வேறு பத்து அட்டைகளை எடுத்தாள். சீப்பு, ஏணி, கத்தரிக்கோல். “ஐயா, இதையும் ஒரு தடவை கேட்டுடுங்க.”

வேந்தர் கனைத்தார். “மெஷினை அந்தப் படத்துக்குத்தாம்மா செட் பண்ணியிருக்கு.”

“அப்போ அக்கா போற தெருவெல்லாம் குடையும் வாளியுமாத்தான் இருக்கணுமா?”

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் வேந்தர் அட்டைகளைக் காட்டி மூடினார். மனைவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெருமையாகச் சொன்னாள்: “குடை, வாளி, பூட்டு, யானை...”

சிரிப்பு சட்டென்று நின்றது. கத்தரிக்கோல் படத்தைப் பார்த்த தையல்காரியின் வாயிலிருந்து கத்தரிக்கோல் வரவில்லை.

கண்டக்டர் திக்கினார். “காதுல ஜிவ்வுன்னு இருக்குன்னு சொன்னாளே!”

“‘ஜிவ்வுன்னு இருக்கா’ன்னு நீங்க கேட்டீங்க, அவ ஆமான்னா. இப்போ நீங்க எதைக் கேட்டாலும் அவ ஆமான்னுதான் சொல்லுவா அத்தான்.” சொல்லிக்கொண்டே வயரை இரண்டு விரலால் இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. உள்ளே எதிலும் இணைக்கவில்லை. பெட்டிமேல் பசை போட்டு ஒட்டியிருந்தது.

“இது... வயர்லெஸ் மாடல்!” என்றார் வேந்தர். அதற்குமேல் அவருக்கும் எல்லாம் மறந்துவிட்டது. பின்பக்கப் படிக்கட்டு மட்டும் நன்றாக நினைவிருந்தது.

“கரண்ட் வச்சு நரம்பைத் தூண்டிப் பார்க்குறவங்க நிஜமாவே இருக்காங்க அத்தான். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், பாதிப் பேருக்குப் பொய்க் கரண்ட் வச்சு ஒப்பிட்டுப் பார்த்து, படத்தை மாத்தி மாத்திக் கேட்டு, வருஷக்கணக்கா சோதிக்கிறாங்க. சான்றிதழைத் தூக்கிட்டு ஓடி வர்றதில்ல.”

கண்டக்டர் மனைவியின் காதிலிருந்த கிளிப்பைத் தானே கழற்றினார். சிவந்திருந்த இடத்தைத் தடவிக் கொடுத்தார். “ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?” என்றார். மச்சினிச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூவரும் இறங்கும்போது வரிசையில் ஒருவர் கேட்டார்: “வயர் பிஞ்சா என்ன, விளக்கு எரியுதில்ல?”

வயதான மூளை மறந்தால் அது நோய். அதன்மேல் யாருக்கும் கோபம் வராது. நல்ல மூளையை வீட்டில் பூட்டிவிட்டு வரிசையில் நிற்கிறீர்களே, அதற்கு எந்தக் காதில் ஐயா கிளிப் மாட்டுவது?