ஆறு கைப் பிசாசுக்கு முதல் மாலை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. ஊரைப் பயமுறுத்தப் போய்த் தானே பயந்துபோன ஒருவன் கதையைச் சொல்கிறேன்.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. காலை ஒன்பது மணிக்குச் சுகுமாரன் அங்கே வந்தபோது, அவன் செய்த பிசாசின் கழுத்தில் மல்லிகை மாலை தொங்கியது.

அது ஒரு டிவி நாடகப் படப்பிடிப்புக்கான பிசாசு. சூதாட்டத்தில் தோற்றவனிடம் ஆயுளை வாங்கிக்கொள்ளும். ஆறு கை, கைக்கொரு பகடை. வெள்ளை நுரை அட்டையைச் செதுக்கி, வண்ணம் பூசி, முந்தின நாள் சாயங்காலம் அங்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலையை விட்டு வந்தவனுக்கு இதுதான் முதல் சிலை. நாலு மணிக்கு இயக்குநர் ஜெகதீஸ்வரி வருவார்.

"பாக்கறவங்களுக்கு முதுகு சில்லுன்னு ஆகணும். ஆகலன்னா நீங்க ஃபேக்டரிக்கே திரும்பிப் போயிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

மாலை போட்ட பிசாசோ கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி இருந்தது. முன்னால் நாலு பேர் கைகூப்பி நின்றார்கள்.

"அண்ணே, இது சாமி இல்ல. டிராமா சிலை."

"எல்லாச் சாமியும் யாரோ செஞ்சதுதானே தம்பி" என்றார் லோரி ஓட்டும் குணாளன். "லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டுட்டுப் போயிடறோம்லா."

சந்து முனையில் பூக்கட்டும் வடிவம்மாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. "மூஞ்சி சாந்தமா இருக்குய்யா. கண்ணுக்குச் செவப்பு அடிச்சுப் பாரு, பயந்து ஓடிடுவாங்க."

அடித்தான். 'சாமி கண் திறந்துவிட்டது' என்று செய்தி பரவி, நாலு பேர் பத்தொன்பது பேர் ஆனார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். நுரை அட்டை பற்றிக்கொள்ளுமோ என்று சுகுமாரன் வாளியில் தண்ணீரோடு நின்றான். அதில் மூன்று பேர் கால் கழுவிக்கொண்டார்கள்.

"ஒரு போர்டு எழுதி வையி" என்றார் வடிவம்மாள். "ஒன் போன் நம்பரும் போடு. அப்பத்தான் நம்புவாங்க."

'இது சாமி அல்ல. விவரத்துக்கு அழைக்கவும்' என்று எழுதி, எண்ணையும் போட்டு மாட்டினான். முதல் வரியை யாரும் படிக்கவில்லை. கடைசி நாலு எண்ணை எல்லாரும் சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு பாரேன்" என்று குணாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி மூன்று.

"மூடிடுய்யா. இந்தா, என் பழைய செவப்புச் சேலை" என்றார் வடிவம்மாள்.

கயிறு கட்டித் திரை போட்டான். கூட்டம் நாற்பதைத் தொட்டது. ஒருவர் வீட்டிலிருந்து மணி கொண்டுவந்தார். இன்னொருவர் சுகுமாரனிடம் பணிவாகக் கேட்டார்: "பூசாரி ஐயா, தெரை எப்ப தொறப்பீங்க?"

அவனுக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து ஜெகதீஸ்வரி வந்து நின்றார்.

"மேடம், நான் வேணும்னு..."

"பேசாதீங்க."

கேமராவைச் சிலைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து வைக்கச் சொன்னார். கூட்டத்திடம், "நாடகத்துல நடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"படம் எடுத்துக்குங்கம்மா. நாங்க நடிக்க மாட்டோம், நம்பர்தான் பாப்போம்" என்றார் குணாளன்.

"தெரைய இழுங்க."

சேலை விலகியது. ஒருவரும் அசையவில்லை. கையில் சீட்டு, இமைக்காத எண்பது கண்கள். பசியோடு ஒரு மிருகம் பதுங்கியிருப்பது போல இருந்தது அந்தச் சந்து. கேமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி தன் கையைத் தடவிக்கொண்டார். மயிர் சிலிர்த்து நின்றது.

"பிசாச எவன் பாப்பான்? இந்தக் கண்ணுங்களப் பாருங்க. அடுத்த பாகத்துக்கும் சிலை செய்யறது நீங்கதான், சுகுமாரன்."

அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அப்போதுதான் முழுசாக ஒரு மூச்சு விட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு சேலையை மடித்துக்கொண்டு போய் வடிவம்மாளிடம் நீட்டினான். "நாள் பூரா யோசனை சொன்னீங்கம்மா. ஒண்ணுமே பலிக்கலன்னாலும் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. அந்த மொத மாலையப் போட்டவரு யாருன்னு தெரிஞ்சா, அவருக்கும் ஒரு நன்றி சொல்லணும்."

வடிவம்மாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான்தான்யா போட்டேன். ஒன் சிலை நிக்குற மூலையிலதான் மூணு வருஷமா குப்பை கொட்டுறானுங்க, சொல்லாத ஆளில்ல. இன்னிக்குத்தான் ஒரு பொட்டலம் விழல. என் யோசனையெல்லாம் நல்லாத்தான் பலிச்சிருக்கு, சிலைய மட்டும் எடுத்துடாதே."

உங்கள் வீட்டு வாசலும் கூட்டினது கூட்டினபடி இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே இருக்கிறவர்கள் முதுகு சில்லிடாமல் நிம்மதியாகத் தூங்கட்டும்.