சொர்க்கவாசல் திறந்த காலையில் ஸ்விட்ச்சைத் தொட்டேன்

நல்ல நேரம் பார்த்தும் ஒரு காரியத்தைக் கெடுக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

திருச்சியில் ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க்கைக் கவனிப்பது என் வேலை. தலைமை இடம் காவிரிக்கு இந்தப் பக்கம், கிளை ஸ்ரீரங்கத்தில். இரண்டு இடத்தையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் பத்து நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று ‘ஹலோ’ சொல்லும். நாலு ஹலோ வராவிட்டால் எதிர்ப்பெட்டி செத்துவிட்டதாக முடிவுகட்டி எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். இரண்டிலும் ஒரே இடைவெளி வேண்டும். இல்லையேல் உறவே கிடையாது. (சம்பந்தி வீட்டார்கூட இதைவிட விட்டுக்கொடுப்பார்கள்.)

சாவை அறிய நாற்பது நொடி ரொம்ப அதிகம் என்று எனக்குப் பட்டது. பத்தை இரண்டாக்க முடிவுசெய்தேன். எதற்கும் நாள் பார்ப்பவன். பஞ்சாங்கத்தைப் புரட்டி வைகுண்ட ஏகாதசிக் காலையைக் குறித்தேன். (அன்று காவிரிப் பாலம் அடைத்துக்கொள்ளும் என்பது பஞ்சாங்கத்தில் இல்லை.)

என் நாற்காலியில் இருந்தபடியே ஸ்ரீரங்கத்துப் பெட்டியில் இரண்டு என்று அடித்தேன். தொடர்பு அறுந்தது. எதிர்பார்த்ததுதான். இந்தப் பக்கமும் இரண்டாக்கினேன். சேரவில்லை. பழைய பத்துக்கே போனேன். அப்போதும் சேரவில்லை. தொடர்பு இல்லாமல் ஸ்ரீரங்கத்துப் பெட்டியை இங்கிருந்து எட்டவும் முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கிளையின் டியூட்டி டாக்டர் கூப்பிட்டார். கோயில் வரிசையில் ஒருவர் வாய் கோணி விழுந்துவிட்டாராம். மூளை ஸ்கேனைத் தலைமை இடத்துப் பெரிய டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி போட முடியும், படமோ போகவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, “சார், அது உங்க மாமனாருங்க” என்றார்.

டிபனுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்.

லேப்டாப்பையும் பெட்டியில் மாட்டும் வயரையும் தூக்கிக்கொண்டு பறந்தேன். பைக் பாலத்தோடு நின்றது. இறங்கி ஓடினேன். ஸ்விட்ச்சைப் பார்க்கணும், வழி விடுங்க என்று கெஞ்சினேன். “எல்லாரும் பெருமாளைப் பார்க்கத்தான் போறோம், வரிசையில வாங்க” என்றார் ஒருவர். சட்டைப் பையில் நிமிடத்துக்கொரு எஸ்எம்எஸ்: எதிர்ப்பெட்டி இல்லை. கண்காணிப்பு மட்டும் பழுதில்லாமல் நடந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டிருந்தார்கள். நர்ஸ் ஸ்கேன் திரையைத் தன் செல்போனில் படம்பிடித்துப் பெரிய டாக்டருக்கு அனுப்பியிருந்தார்.

“முதல்லயே இதைச் செஞ்சிருப்போம் சார். நீங்கதான் இதோ சரியாயிடும், இதோ சரியாயிடும்னு போன்ல சொல்லிக்கிட்டே வந்தீங்க.”

பெட்டியில் வயரை மாட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு. அவசரத்தில் விரல் இரண்டு தடவை அழுத்தியிருந்தது.

மாமனார் பிழைத்தார். வலது கை மீளவில்லை. பேச்சும் முக்கால்வாசி போயிற்று. என் மனைவி ஹலோ விவகாரத்தை விளக்கியபோது பாதி வாயால் சிரித்தார். அதிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய ஊரான உப்பிலியபுரத்திலிருந்து அவர் போன் வரும். ஒரே வார்த்தை: “ஹலோ.” நானும் ஹலோ சொல்ல வேண்டும். எடுக்கத் தாமதித்தால், “நாலு ஹலோ ஆச்சு. அப்பா உங்களுக்குக் காரியம் பண்ணக் கிளம்பிட்டாரு” என்பாள் மனைவி. வீடே சிரிக்கும்.

ஆறேகால் ஆகியும் போன் அடிக்காத காலைகளில் மட்டும் அந்த ஜோக்கை யாரும் சொல்வதில்லை.