வயர்லெஸ்ஸில் வந்த தோட்டத் தமிழ்

அன்புள்ள மாப்பிள்ளை சுரேந்திரனுக்கு, டாலிகஞ்சிலிருந்து மாமா அழகர்சாமி எழுதுவது. இங்கே தீவில் நானும் உங்கள் மாமியும் மழையும் சுகம். அங்கே நீங்களும் மகள் அகிலாவும் வெயிலும் சுகமென்று நம்புகிறேன்.

போன தடவை வந்திருந்தபோது, "காலேஜ்ல நான் நடத்துற சர்வதேச சட்டம் பூரா வெறும் காகிதம் மாமா, பலமுள்ள நாடு நெனச்சா சுடும்" என்று மீன்குழம்பைக்கூடத் தொடாமல் வருத்தப்பட்டீர்களே, அதற்கு மருந்தாக இதைச் சொல்கிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் காவல் கப்பல் கேப்டன் சாப் திங்கட்கிழமை காலை வந்து, கடலில் ஒரு கப்பல் கொடியில்லாமல் நிற்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை, வயர்லெஸ்ஸில் மட்டும் யாரோ தமிழ் பேசுகிறார், தமிழ் தெரிந்த தம் ஆள் லீவில் மெயின்லேண்ட் போய்விட்டார் என்று சொல்லி, என்னைச் செருப்புகூடப் போடவிடாமல் அழைத்துப்போனார். மாமி கொடுத்த இட்லியை மின்னி பே கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மழைக்கு நடுவே அது நின்றது. சாம்பல் நிறம். பக்கவாட்டில் அடுத்த நாட்டு அரசாங்க எண்கள். எங்களை அலை தூக்கிப்போட்டது. அது மட்டும் ஆடவில்லை. நாங்கள் எந்தப் பக்கம் சுற்றினாலும் அதன் மூக்கு எங்களை நோக்கியே திரும்பியது. பீரங்கிக்காரர் விசையில் விரலை வைத்துக்கொண்டு கேப்டனைப் பார்த்தார். கூட வந்த சட்ட அதிகாரி அம்மா, வடக்கத்திப் பெண், குறுக்கே நின்றுவிட்டார். இன்னொரு அரசின் கப்பலைச் சுட்டால் அந்த நாட்டையே சுட்ட மாதிரி. சுடுவதானால் அவர்கள் நம்மைத் தாக்கியிருக்க வேண்டும், அல்லது இதோ தாக்கப்போகிறார்கள், வேறு வழியே இல்லை என்றிருக்க வேண்டும். பயம் ஒரு காரணமாகாது என்றார். எனக்கு இருந்ததெல்லாம் அந்தக் காரணமாகாத சமாச்சாரம் மட்டும்தான்.

அப்போது வயர்லெஸ் பேசியது. கச்சால் தீவில் நாங்கள் ரப்பர் பால் வெட்டிய காலத்துத் தோட்டத் தமிழ். அங்கே இருந்தவர்களைச் சுனாமி கொண்டுபோன பிறகு அந்தப் பேச்சு இழுவையை நான் கேட்டதே இல்லை.

"க்யா போல் ரஹா ஹை, அங்கிள்?" என்று, அந்தக் குரல் சொல்வது என்னவென்று கேட்டார் கேப்டன்.

நோயில் சாகக் கிடக்கிறார்களாம், சுட வேண்டாமாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். விசையிலிருந்து விரல் விலகியது.

ஏறிப் பார்த்தால், கீழ்த்தளத்தில் ஏழு பேர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார்கள். ஆயுதம் என்று இருந்தது ஒரு காய்கறிக் கத்தி. என்ஜின் செத்திருந்தது. வயர்லெஸ் பெட்டிக்குள் கடல்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. அந்த ஏழு பேரும் இப்போது ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கிறார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காகிதம் ஏழு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. தெம்பாகச் சாப்பிட்டுவிட்டுப் பாடம் நடத்துங்கள். நீங்களும் அகிலாவும் கரை காணாத சுகத்தோடு இருக்க வாழ்த்தும்,
மாமா அழகர்சாமி

பி.கு.: மேலே ஒரு வரியை மட்டும் மாற்றிப் படிக்கவும். அந்தக் குரல் நோய் என்று சொல்லவே இல்லை. "கிட்ட வராதீங்க, இப்பவே சுட்டுருவோம்" என்றுதான் சொன்னது. அதை அப்படியே சொல்லியிருந்தால் சட்டப்படியே சுட்டிருக்கலாமாம். அந்த அம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். உள்ளே ஆள் சாகக் கிடப்பது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு உங்கள் சட்டத்தில் இடமிருந்தால் எழுதுங்கள். போனில் வேண்டாம்.