ஓட்டை இல்லாத படகு

படகு விளிம்பு வரை நிரம்பிவிட்டது. அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

செக்கிங் என்கிற மனிதர் குனிந்து படகின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். அங்கேயும் காய்ந்திருந்தது. ஒரு ஓட்டை இருந்திருந்தால் தண்ணீர் தானாக வடிந்து தொலைந்திருக்கும். இப்போது பத்தொன்பது அடி நீள ஃபைபர் பாய்மரப் படகு, வயிறு முட்டத் தண்ணீரோடு, டிரெய்லர் மேல், பல் டாக்டரின் கிளினிக் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தது. டிரெய்லரின் இரண்டு டயர்களும் பழைய செருப்பு மாதிரி தரையோடு தரையாகப் படுத்துவிட்டன.

யோசனை அவருடையதுதான். கடலில் வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வரக் கூடாது. அப்படியென்றால் உள்ளே ஊற்றுகிற தண்ணீர் வெளியே போகக் கூடாது. இரண்டும் ஒன்றுதானே? தோட்டத்துக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டினார், மறுமுனையைப் படகுக்குள் விட்டார். படித்தவன் எவனுக்கும் இது தோன்றாது என்று ஒரு பெருமை வேறு. தோன்றாததற்குக் காரணம் தண்ணீரின் கனம். அது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் சோதித்த மனிதர். பெயர் யாருக்கும் நினைவில்லை, செக்கிங் என்றால் தெரு முழுக்கத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க ஆள் கிடைக்காமல் பால் பாக்கெட்டின் தேதியைச் சோதித்தார், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், சலவைக்குப் போன சட்டையின் பித்தானை எண்ணினார். அவர் வேலையில் இருந்தவரை மனைவி ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போய்வருவாள். அவர் வீட்டோடு வந்த நாள் முதல் அதையும் நிறுத்திவிட்டாள். எல்லாம் தன்மேல் உள்ள பாசம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாசத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று தோன்றித்தான் ஒரு நாள் கேட்டார்.

"பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கரையோரமாவே போலாம். ஒரு ஊர்ல இறங்கி காபி குடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போலாம். வர்றியா?"

அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள்.

"வர்றேன். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரக் கூடாது. வந்துச்சு, அந்த நிமிஷமே இறங்கிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. முதல் தடவையாகக் கேட்டார், முதல் தடவையாக வருகிறேன் என்றாள். ஒரு சொட்டுத் தண்ணீரில் அது போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தபோது, பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஞாயிறு வா என்றால் வெள்ளிக்கிழமையே போய் நிற்பது செக்கிங்கின் தொழில். சொன்ன நாளில் போனால் குறையை மறைத்து வைத்திருப்பான்.

வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண் கேட்டாள்.

"எந்தப் பல்லுங்க?"

"பல்லு இல்லம்மா, படகு."

"டாக்டர் உள்ளே பேஷண்ட் பாக்கறாரு. டோக்கன் ஏழு. உக்காருங்க."

உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆளா அவர்? சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனார். அதன் பலன்தான் இது.

சரி, குழாயையாவது மூடுவோம் என்று திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. டியூபைப் படகிலிருந்து உருவி வேறு பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர்.

"ஐயோ! யாருய்யா அது?"

"மன்னிச்சுக்கங்க, டெஸ்ட் பண்றேன்!"

"எதை, என் சட்டையையா?"

டோக்கன் பெண் ஓடி வந்தாள். நல்ல பெண், வந்ததும் கத்தவில்லை. டியூபை மடக்கி, அதன் மேல் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்தாள். தண்ணீர் நின்றது.

"இப்ப படகுல இருக்கற தண்ணிய என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு பக்கெட் குடும்மா."

பக்கெட் வந்தது. இருபது பக்கெட் மொண்டு ஊற்றினார். படகில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் டிரெய்லரின் சக்கரத்தடியில் போய் மண்ணைக் குழைத்தது. இடது சக்கரம் அமுங்கியது. படகு மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி, ஜன்னல் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. உள்ளே இருந்த நாலு பேரும் பல்வலியை மறந்து எழுந்து நின்றார்கள்.

கிளினிக்கில் அலமாரி அடிக்க வந்த தச்சர் கையில் டிரில் மெஷினோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், சாயுதே?"

"அந்த மெஷினைக் கொண்டாய்யா! சீக்கிரம்!"

"எதுக்கு?"

"அடியில ஒரு ஓட்டை போடு. தண்ணி போகட்டும்."

தச்சர் தொழிலை மதிக்கிறவர். ஏன் என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை.

"அரை இஞ்சா, முக்கால் இஞ்சா சார்?"

"முக்காலே போடு!"

மெஷின் கொர்ரென்றது. வெள்ளைத் தூள் பறந்தது. அப்புறம் தச்சரின் சட்டைக் கைக்குள் தண்ணீர் புகுந்து காலரில் வெளியே வந்தது. படகு காலியாகக் காலியாக நிமிர்ந்தது. ஜன்னலில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் டாக்டர் வெளியே வந்தார். கையில் உறை, நெற்றியில் விளக்கு. நேரே படகின் பின்பக்கம் போனார். அடியில் நாணயம் அளவுக்கு ஒரு பித்தளை மூடி இருந்தது. இரண்டு விரலால் திருகினார். மிச்சமிருந்த தண்ணீர் அது வழியாக அழகாக ஓடியது.

"இதுக்குத்தான் சார் இது இருக்கு."

செக்கிங் மூடியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், தச்சரைப் பார்த்தார். தச்சர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"சொத்தை இல்லாத பல்லைத் தோண்டிட்டீங்க. நானாவது ஊசி போட்டுட்டுத் தோண்டுவேன்" என்றார் டாக்டர். "ஆமா, நீங்க யாரு?"

"டோக்கன் ஏழு" என்றாள் பெண்.

வேறு வழி? டாக்டர் சொன்ன விலைக்கே வாங்கினார். டயர் இரண்டும் புதிதாக மாட்டி, வாடகை வேனில் கோத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கியது அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மனைவி வெளியே வந்தாள். படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தாள். பிறகு குனிந்தாள். அவள் குனிவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இது என்ன வட்டமா?"

"அது... கம்பெனிலயே வெச்சது. காத்து போறதுக்கு."

"தண்ணிக்கு அடியில காத்தா?"

"உனக்குப் புரியாது. இதெல்லாம் டெக்னிக்கல்."

"இருக்கலாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டால் செக்கிங்குக்கு நிம்மதி. ஊரையே சந்தேகப்பட்டவருக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை.

ஃபைபர் சாமான் விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடி இழைத் துணி ஒரு துண்டும், ஒரு டப்பாவில் பசையும், சின்னக் குப்பியில் பசையை இறுக வைக்கிற மருந்தும் கொடுத்தார்.

"இந்த மருந்து பத்துச் சொட்டு போதும் சார். அதுக்கு மேல வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க."

செக்கிங் வழி நெடுக யோசித்தார். சாமான் விற்கிறவன் கொஞ்சமாகப் போடு என்று சொல்வானா? சொல்கிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது. அரைகுறையாக ஒட்டும், மறுபடி நம்மிடம்தான் வருவான் என்கிற கணக்கு. என்னிடமா?

குப்பி முழுவதையும் கவிழ்த்தார்.

பசை புகைந்தது. தொட்டால் சுட்டது. ஐந்தே நிமிஷத்தில் கல்லாக இறுகியது. ஒரு நாள் ஆகுமாம், பொய்யன்! என்று சந்தோஷப்பட்டார். இறுகின கையோடு நடுவில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் விரிசலை மறைத்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. படகு இறக்கும் சரிவில் படகைக் கயிற்றால் இழுக்கிற விஞ்ச் மெஷினை ஓட்டுகிற ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. வேன்காரரே பின்னால் ஓட்டி டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். படகு மிதந்தது. செக்கிங் முதலில் ஏறி அந்த இடத்தைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"வா, வா! ஒரு சொட்டு இல்லை, பாத்துக்க!"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். கரை பத்தடி விலகியது. அப்போது முதல் சொட்டு வந்தது.

செக்கிங் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாயை ஏத்தலையா?" என்றாள்.

எழுந்தால் குடி முழுகிப் போகும். "நீயே ஏத்து. கத்துக்க வேண்டாமா? முதல்ல அங்க ஒரு கயிறு..."

நாலே இழுப்பில் பாய் உச்சிக்குப் போய்விட்டது.

"ம். இப்ப அதைக் கட்டணும். எப்படின்னா..."

கட்டிவிட்டாள்.

"அதேதான் சொல்ல வந்தேன்."

காற்று பிடித்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து விர்ரென்று கிளம்பியது. செக்கிங்கின் கால்சட்டைக்குள் சில்லென்றது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

"சுக்கானை யார் பிடிக்கறது?"

"நீ பிடி! பயப்படாத, நான் இருக்கேன்ல."

அவள் சுக்கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பாயின் ஓரத்தைப் பார்த்தாள். திடீரென்று "தலை!" என்று கத்தி, அவர் பிடரியைப் பிடித்து அமுக்கினாள். பாயின் அடிக்கட்டை அவர் தலைக்கு மேலே உஸ்ஸென்று அந்தப் பக்கம் போயிற்று.

"அதையும் சொல்லணும்னு இருந்தேன்" என்றார் செக்கிங்.

"ஏன் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க? இந்தப் பக்கம் வாங்களேன், காத்து நல்லா வருது."

"பாரம் சமமா இருக்கணும். நகரக் கூடாது."

"குளிருதா? நடுங்கறீங்களே."

"சந்தோஷத்துல."

முழுப் பொய் இல்லை. அவளுடைய முகத்தை இப்படி அவர் பார்த்ததில்லை. காற்றில் முடி பறக்க, தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே விறைத்துப் போனாலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரே காலையில் ஒரு பெண்பிள்ளையை மாலுமி ஆக்கிவிட்டோமே! நம்மிடம் இப்படி ஒரு சொல்லிக்கொடுக்கும் திறமை இருந்தது, டிக்கெட் சோதித்தே வீணாக்கிவிட்டோம்.

கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினார்கள். அவள் பாயைத் தளர்த்தி, படகைப் பூனை நடப்பதுபோலச் சரிவோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். விஞ்ச்காரர் இப்போது வந்திருந்தார். அவள் வீசிய கயிற்றைப் பிடித்துக் கட்டினார்.

"எழுந்திருங்க" என்றாள்.

"நீ முதல்ல இறங்கு."

"நீங்க எழுந்திருங்க."

முப்பத்திரண்டு வருஷம் அந்தக் குரலில் பேசியவர் அவர். டிக்கெட்டைக் காட்டு என்கிற குரல். எழுந்தார். எழுந்ததும், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து விரல் உயரத்துக்கு ஒரு ஊற்று கிளம்பியது.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் எப்படி முழிப்பான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதே முழி முழித்தார். "ஒரு சொட்டுதான்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், இனி ஜென்மத்துக்கும் கூப்பிட முடியாது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஏனோ விஞ்ச்காரரைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று.

விஞ்ச்காரர் கவனித்தால்தானே? ஊற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்னம்மா, பல் டாக்டருக்கு வித்த படகையே திரும்ப வாங்கிட்டீங்களா? பதினோரு வருஷம் ஞாயிறு தவறாம நீங்க ஓட்டினப்போ இதுல ஒரு ஓட்டைகூடக் கிடையாதே!"