மூன்றாம் கியருக்கான விசாரணைக் குழு

தானியங்கிக் கியர்ப் பெட்டியைப் பற்றி உலகிலேயே ஆழமாக அறிந்த மக்கள் இணுவிலில், யதுசன் வீட்டு ஒழுங்கையில்தான் வசிக்கிறார்கள். யப்பானியர்களுக்கு இரண்டாம் இடம். அவர்கள் அதைச் செய்ததோடு சரி. அதைப் பற்றிக் கதைக்கத் தெரியாது.

இந்த உண்மை வெளியே தெரியவர, யதுசனின் மனைவி நிவேதனா இறக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் பெரும்பாடு. முப்பத்தொரு வயதில் போனவளைப் பற்றி என்னத்தைக் கதைப்பது? யதுசனும் உதவவில்லை. "ஓம்" என்பான். பிறகு நிலத்தைப் பார்ப்பான். அப்போதுதான் மாமரத்தின் கீழ் நிற்கும் பழைய காரில் அவர்கள் கண் படும்.

"என்ன தம்பி, கார் ஓடேல்லையோ?"

"மூண்டாம் கியருக்கு மாறேக்கை எஞ்சின் கத்துது. கார் இழுக்காது. பிறகு உதறிப் பாயுது."

அவ்வளவுதான். பிளாஸ்டிக் கதிரைகள் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடும். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி.

அது சித்திரையில், நிவேதனாவை ஆசுபத்திரிக்கு ஏற்றியிறக்க வாங்கிய கார். முன்பு ஒரு லேடி டொக்டர் கோயிலுக்கு மட்டும் ஓடியதாம். இலங்கையில் விலைக்கு வரும் பழைய கார்கள் அனைத்தையும் அந்த ஒரு லேடி டொக்டரே ஓடியிருக்கிறார். "ஒருக்காவாவது ஆசுபத்திரி இல்லாத இடத்துக்கு இதிலை கூட்டிக்கொண்டு போங்கோ. கீரிமலைக்குப் போவம்" என்று நிவேதனா கேட்டிருந்தாள். ஓம் என்றிருந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, கீரிமலைக் கடற்கரையில். அவளுடைய அஸ்தி அந்தக் காரில்தான் போக வேண்டும். வாடகைக்கு ஒரு வான் பிடிக்கலாமே என்று சிலர் சொன்னபோது அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

நிலைமையின் பாரதூரத்தை உணர்ந்து, சனசமூக நிலையத் தலைவரும் இளைப்பாறிய எழுதுவினைஞருமான முருகேசு ஒரு 'விசாரணைக் குழு'வை அமைத்தார். தலைவர் அவர். கூட்ட அறிக்கை எழுதியவரும் அவர். பிளேன்ரீ வீட்டுக்காரன் பொறுப்பு.

முதல் அமர்வில், முப்பது வருடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடிய ஆழ்வாப்பிள்ளை சாட்சியமளித்தார்.

"பாரம் காணாது தம்பி. வெறும் வண்டில் எப்பவும் உதறும்."

நான்கு சீமெந்துப் பைகள் பின்பக்கம் ஏற்றப்பட்டன. மூன்றாம் கியர் விழவில்லை. 'வாகனம் தற்போது வானத்தைப் பார்க்கிறது' என்று முருகேசு பதிவு செய்தார்.

இரண்டாம் அமர்வு சர்வதேச மட்டத்தில் நடந்தது. ரொறன்ரோவில் இருக்கும் முருகேசுவின் மருமகன் பிரகலாதன் வட்ஸ்அப்பில் தோன்றினான். தொலைபேசியைப் பொனற்றில் வைத்தார்கள். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டான்.

"உது சாமான் பிழை இல்லை மாமா. சொஃப்ட்வெயார். அதுக்கு மூளை குழம்பிப் போச்சு."

"அப்பிடியே! நீ அங்கை என்ன கார் வச்சிருக்கிறாய்?"

"நான் பஸ்ஸிலை போறனான்."

பற்றரியைக் கழற்றி அரை மணித்தியாலம் காருக்கு மன ஓய்வு கொடுக்கப்பட்டது. ஓய்வெடுத்த கார் இன்னும் உற்சாகமாக உதறியது.

மூன்றாம் அமர்வில் முருகேசுவின் மனைவி இரத்தினம்மா வாய் திறந்தார்.

"வாங்கின அண்டைக்குச் சில்லுக்கடியிலை வச்ச நாலாவது தேசிக்காய் நசியேல்லை. உருண்டு வேலிக்குள்ளை போனது. நான் கண்ணாலை கண்டனான்."

"அதை இப்பவே சொல்லுறது?" என்றார் முருகேசு.

"ஆர் என்னைக் கேட்டவை?"

புதிய தேசிக்காய் பின் சில்லுக்கடியில் வைக்கப்பட்டது. கார் இப்போது முன்னேயே போக மறுத்து, பின்னே போய் அதை நசித்தது. றிவேஸ் கியர் பழுதில்லை என்ற மகத்தான கண்டுபிடிப்பு இவ்வாறுதான் நிகழ்ந்தது.

"அப்ப பாதி வழிக்கு, மல்லாகம் மட்டும், றிவேஸிலை போவம். பிறகு யோசிப்பம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அந்தியேட்டிக்குப் பின்பக்கமாப் போகலாமோ எண்டு ஐயரையெல்லோ கேக்க வேணும்" என்றார் முருகேசு. அதற்கு ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது.

இதற்கிடையில் ஒரு சின்னத் தொல்லை. காருக்கடியில் ஒவ்வொரு காலையும் உள்ளங்கையளவு கறுப்புக் கறை. நாலு பேர் வந்துபோகிற முற்றம். குழுவின் பணிப்பின் பேரில் இரத்தினம்மா தினமும் வெள்ளை மணல் தூவி அதை மறைத்தார். முற்றம் வடிவாக இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் குருநகரிலிருந்து அடைக்கலநாதன் வந்தார். படகு எஞ்சின் திருத்துபவர். நிவேதனா அவர் மகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். செய்தி பிந்தித்தான் கிடைத்ததாம். கதிரையை வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு, அவள் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகுதான் காரைப் பற்றிக் கேட்டார்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினார். பொனற்றைத் திறந்து, கியர் எண்ணெய் அளக்கும் கோலை இழுத்தார். துடைத்தார். செருகி, மறுபடி இழுத்தார். நுனி காய்ந்திருந்தது. முழங்காலில் இருந்து காருக்கடியில் மணலை விலக்கினார். கீழே கறுப்பு.

"எண்ணெய் ஒழுகி முடிஞ்சுது தம்பி. உதை ஒருத்தரும் இழுத்துப் பாக்கேல்லையே?"

முருகேசு தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரேல்லை."

தளர்ந்திருந்த ஒரு குழாயை இறுக்கி, புது எண்ணெய் விட்டார்கள். கோயிலடி வரை ஓடிப் பார்த்தான் யதுசன். மூன்றாம் கியர் விழுந்தது; சத்தமே கேட்கவில்லை.

அன்றே முருகேசு இறுதி அறிக்கையுடன் வந்தார். 'குழுவின் அயராத உழைப்பின் பயனாக' என்று அது தொடங்கியது.

உண்மையில் குழுவுக்கு முன் அனுபவமும் உண்டு. தை மாதம் நிவேதனா மெலியத் தொடங்கியபோது, இதே ஆட்கள் இதே முற்றத்தில் கூடினார்கள். ஆழ்வாப்பிள்ளை, சாப்பாடு காணாது என்றார். ரொறன்ரோ, மன அழுத்தம் என்றது. முருகேசு, வாய்வு என்று எழுதாத குறை. இரத்தினம்மா, "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய் பிள்ளை" என்று கன்னத்தைத் தடவி, கண்ணூறு கழித்தார். எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. கையுயர்த்தியோரில் வீட்டுக்காரனும் ஒருவன். அவளிடம் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தது சித்திரையில்தான்.

யதுசன் அறிக்கையில் கையெழுத்திட்டான்.

கார் கொடுத்துவைத்தது. இழுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அதன் அந்தியேட்டிக்கு முன்பே வந்துவிட்டார்.