தாளாளர் சட்டையில் மூச்சுவிட்ட மாவு

உயிரியல் படித்தவர்களுக்கு உயிர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இட்லி மாவிடம் தோற்றுப்போனவள் நான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில், ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் கைநழுவினால், சோழவரத்தில் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட வேண்டியதுதான். (ஆணி மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்திலேயே மாமனார் உட்கார்ந்திருப்பார், அதுதான்.)

தலைப்பு, உயிர்கள் சக்தி பெறும் விதம். எல்லோரும் செடி வரைவார்கள், நாம் உயிரையே காட்டுவோம் என்று கிளம்பினேன். குளிர்பான பாட்டிலில் பாதியளவு மாவு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் தின்ன ஒரு கை சர்க்கரை. வகுப்பில் மூடியைக் கழற்றிப் பலூனை மாட்டினால், அவை விடும் வாயுவில் பலூன் உப்பும். ஆகா, என்ன மூளை! வழியில் சிந்தாமலிருக்க மூடியை இறுக்கித் திருகினேன்.

பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் நெரிசல்.

"பைய அந்த இன்ஜின் மேல வையிம்மா, பேஜாரு பண்ணாத," என்றார் கண்டக்டர்.

டிரைவர் பக்கத்தில், சுடச்சுட இருந்த இன்ஜின் மூடி மேல் வைத்தேன். அந்தச் சூட்டில் உள்ளே பந்தி களைகட்டியது எனக்குத் தெரியாது.

வகுப்பின் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு தாளாளர். பாட்டில் தானே பலூனாக உப்பியிருந்தது. "இதற்குள் உயிர் இருக்கிறது," என்று கம்பீரமாகச் சொல்லி மூடியைத் திருகினேன்.

டப்!

மின்விசிறியில் பட்டது போக மிச்சமெல்லாம் தாளாளர் மேல். அவர் மெதுவாக உதட்டை நக்கினார்.

"இன்னாம்மா, மாவுல சக்கரையா போட்டுக்கீற?"

"அது... அதுங்களோட நாஷ்டா சார்."

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், அதுக்குதான் வாயே இல்லியே, எப்டி துன்னும்?"

அவ்வளவுதான், வேலை, ஆணி எல்லாம் மறந்துபோயிற்று. உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். சர்க்கரையை உடைத்துச் சக்தியை எடுத்துக்கொண்டு வாயுவை வெளியே தள்ளும், அதற்குக் காற்றுகூட வேண்டாம் என்றேன்.

"அப்ப நாங்க மிஸ்?"

"நீ காலைல சாப்பிட்ட இட்லிய உடைச்சித்தான் இந்தக் கேள்வியே கேக்கற."

மணி அடித்தும் யாரும் எழவில்லை. தாளாளரும் கை தூக்கினார்.

"அப்ப என் சட்டைல கீறதுங்க இன்னும் துன்னுகினுதான் கீதுங்களா?"

"சக்கரை தீர்ற வரைக்கும் சார்."

"சரி, திங்கக்கிழம வந்து வேலைல சேந்துக்கம்மா. நான் ஊட்டுக்குப் போய் குளிக்கறேன்."

இன்றும் எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்தை யாரும் இறுக்கி மூடுவதில்லை. மாமனார் தினமும் தட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"உள்ள கீறவங்களுக்கு நாஷ்டா ஆச்சா? உனுக்கு வேல வாங்கிக் குடுத்தவங்கம்மா, பட்டினி போட்டுடாத!"